யாரும் கேட்காத மார்க்

சிவகுமார் கையில் ஒரு படிவம் கிடைத்தால் அதில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. மைசூரில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் பதினோரு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் கன்னடத்தில் அவன் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வருமானச் சான்று, சாதிச் சான்று, ரேஷன் கார்டு என்று மனு எழுத வருகிறவர்கள், பக்கத்தில் இன்னும் இரண்டு கடை இருந்தும் அவனுக்காகக் காத்திருப்பார்கள். அவன் எழுதிக்கொடுத்த மனு திரும்பி வந்ததில்லை என்று பேர். பொருந்தாத கட்டத்தில்கூட 'பொருந்தாது' என்று எழுதி, அடியில் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்துவிட்டுத்தான் பேனாவை மூடுவான்.

அந்தக் கையெழுத்துதான் அவன் தங்கச்சி தீபாவை ஒரு வாரம் முடக்கிப் போட்டது.

தீபா அவனைவிட ஒன்பது வயது இளையவள். ஹனூரிலிருந்து குடும்பம் மைசூருக்கு வந்தபோது கைக்குழந்தை. மேட்டகள்ளியில் வாடகை வீடு, பக்கத்திலேயே கன்னடப் பள்ளிக்கூடம். அங்கே கணக்கு வாத்தியார் பரீட்சைத் தாள்களை மார்க் வரிசைப்படி கொடுப்பார். அதிக மார்க் முதலில். கடைசித் தாள் பெரும்பாலும் தீபாவுடையதாக இருக்கும். அவர் கையிலிருக்கும் கட்டு மெலிந்துகொண்டே வருவதைப் பார்த்து, பேரைக் கூப்பிடும் முன்பே எழுந்து நிற்க அவள் பழகிவிட்டாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு இருபத்தெட்டு. மறுபடி எழுதியதில் முப்பத்தொன்று. முப்பத்தைந்து வேண்டும். மற்றப் பாடங்களில் தேறியதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. 'எனக்கு மண்டையில ஏறாது' என்பதை, எனக்குச் சைக்கிள் ஓட்ட வராது என்பதுபோல, வருத்தம்கூட இல்லாமல் சொல்லத் தொடங்கினாள்.

பதினெட்டு முடிந்ததும் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சட்டைக் கம்பெனியில் சேர்ந்தாள். முதல் வருடம் நூல் வெட்டும் வேலை. பிறகு ஒவ்வொரு மிஷினாகப் பிடித்தாள். காலர், கஃப், கை மூட்டுவது, பக்கத் தையல், காஜா, பட்டன் என்று பதினான்கு வேலை இப்போது அவள் கைக்கு வரும். யார் லீவு போட்டாலும் அந்த இடத்தில் தீபாவை உட்கார வைப்பார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் சிவகுமார் இதைச் சொல்லாத நாள் கிடையாது. மனு எழுத வந்தவர் சலித்துப்போய், என் மனுவை முடி அப்பா, உன் தங்கச்சி மிஷின் கதையை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன் என்று சொன்னதும் உண்டு.

ஒன்பதாம் வருடம் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குப் பேர் கேட்டார்கள். வெளியிலிருந்து ஆள் எடுப்பதில்லை. தையலில் இருப்பவர்களே விண்ணப்பிக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று படிவத்தின் தலைப்பிலேயே போட்டிருந்தது. தீபா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வழக்கம்போல அண்ணன்தான் நிரப்பினான். படிப்பு என்ற கட்டத்தில், 'எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி இல்லை. கணக்கு 28, மறுதேர்வு 31' என்று எழுதினான். இரண்டு மார்க் கார்டையும் நகலெடுத்து, ஓரம் சரிபார்த்து, பின் அடித்துக் கவரில் போட்டுக் கொடுத்தான்.

கொடுத்தாயா என்று மறுநாள் கேட்டான். கொடுத்துவிட்டேன் என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் தேவம்மா ஆதார் கார்டை நகலெடுக்கக் கடைக்கு வந்தாள். கொள்ளேகாலத்துக்காரி, தீபாவின் தையல் வரிசையிலேயே, அதே லைனில், தைப்பவள். மிஷின் சூடாகும்வரை சும்மா நிற்க மாட்டாமல், தீபா ஏன் பேர் கொடுக்கவில்லை என்று கேட்டாள்.

"குடுத்தாச்சே. போன வெள்ளிக்கிழமையே குடுத்தா."

"எங்கீங்க குடுத்தா? கவரு பையிலயேதான் கெடக்குது. ஃபெயிலான கார்டையெல்லாம் வெச்சுக் குத்தி அனுப்பினீங்களாமா?"

"மறைக்கக் கூடாதுல்ல. நாளைக்கு ஒருத்தன் கண்டுபுடிச்சுக் கேட்டா?"

தேவம்மா நகலை மடித்துப் பையில் வைத்தாள். "அவங்க கேக்கவே இல்லீங்களே அண்ணா. நானும் அந்த ஃபாரத்துல ஏழாவதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஏன் எட்டாவது போகலைன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. உங்க தங்கச்சி பேரு குடுக்க நாளைக்கு ஒரு நாள்தான் இருக்குது."

அன்று சிவகுமார் ஏழு மணிக்கே கடையைச் சாத்தினான். தீபா சமையலறையில் ராகிக் களி கிளறிக்கொண்டிருந்தாள். பொய் சொன்னதற்காகத் திட்ட வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் வரவில்லை. தேவம்மா வந்தாள் என்று மட்டும் சொன்னான்.

தீபா களியை உருட்டி முடித்தாள். பிறகு சொன்னாள்: "உன்ற மேல கோவமில்லண்ணா. வாத்தியாரு சொன்னாரு, பக்கத்து வூட்டுக்காரங்க சொன்னாங்க. அதெல்லாம் போச்சு. உன்ற எழுத்துல, அவ்வளவு அழகா எழுதிப் பாத்தப்பத்தான், நெசம்தான் போலிருக்குதுன்னு ஆயிருச்சு."

கல்யாண வீடுகளில் யாராவது, உன் தங்கச்சி என்ன படிக்கிறாள் என்று கேட்டால், அவளுக்குப் படிப்பு வராதுங்க என்று முந்திக்கொண்டு சொன்னவன் அவன்தான். பேங்கில் கணக்குத் தொடங்கப் போனபோதும் மேனேஜரிடம் அதையே சொல்லி, படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். மற்றவர்கள் கேட்டு அவள் குன்றிப்போகக் கூடாது என்று, ஒவ்வொரு முறையும் அவள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னான். அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருந்தான்.

"புதுசா ஒரு ஃபாரம் வாங்கு. நான் எழுதித் தரேன்," என்றான்.

"வாங்கியாச்சு. மத்தியானமே வாங்கிட்டேன். ஆனா நானே எழுதறேன். நீ பாக்கக் கூடாது."

சாப்பாடு ஆனதும் தரையில் உட்கார்ந்து எழுதினாள். சிவகுமாருக்குக் கை பரபரத்தது. அம்மா பாப்பாயி அவன் முன்னால் ஒரு முறம் பூண்டைத் தள்ளிவிட்டு, உரிடா, கண்ணு அங்கே போகாது என்றாள். தெரிந்த வேலைகளை எழுதப் படிவத்தில் மூன்றே வரிதான் இருந்தது. தீபா ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, பதினான்கையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மணிக்கு எத்தனை உருப்படி தைப்பாள் என்று போட்டாள். படிப்பு என்ற கட்டத்தில் 'பத்தாவது வரை' என்று எழுதினாள். முடித்ததும் அவனிடம் காட்டாமலே மடித்து வைத்தாள். அவன் கேட்கவும் இல்லை.

விண்ணப்பித்த ஐந்து பேரையும் ஆளுக்கு ஒரு நாள் ஒரு லைனை நடத்தச் சொல்வது என்று முடிவாயிற்று. மேனேஜர் உமேஷ் இளவயதுக்காரர், இன்ஜினியரிங் படித்தவர். திங்கட்கிழமை போர்டில் ஒட்டிய பட்டியலில் தீபாவுக்குப் புதன்கிழமை விழுந்திருந்தது. பார்த்த உடனே அவள் மனதில் பட்டது, அன்றைக்கு அமாவாசை. கொள்ளேகாலம், ஹனூர்ப் பக்கத்துப் பெண்கள் பாதிப்பேர் மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். முன்கூட்டிச் சொன்னால் லீவு கிடைக்காது, அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள். காலையில் பார்த்தால் மிஷின் காலியாக இருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிஃபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்தாள். சூப்பர்வைசரிடம் சொல்லாததை அவளிடம் சொன்னார்கள். அவள் நடத்த வேண்டிய லைனின் முப்பத்தெட்டுப் பேரில் ஏழு பேர் மலைக்கு. அதில் இரண்டு பேர் சட்டைக்குக் கை மூட்டுகிறவர்கள். அங்கே ஆள் இல்லையென்றால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் சும்மா உட்கார வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை உமேஷிடம் விஷயத்தைச் சொல்லி, அந்த இரண்டு பேருக்கும் ஓவர்டைம் கேட்டு வாங்கி, கை மூட்டிய சட்டைகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் கையெழுத்துப் போட்டாரே தவிர, முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை.

புதன்கிழமை மற்ற லைன்களில் சூப்பர்வைசர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு ஆள் தேடி ஓடினார்கள். தீபாவின் லைன் பத்து மணிக்கு ஒருமுறை தடுமாறியது. கஃப் மிஷினில் ஊசி முறிந்து கால் மணி நேரம் போயிற்று. அவளே உட்கார்ந்து தைத்துச் சரிக்கட்டினாள். அறுநூற்று நாற்பது சட்டை இலக்கு. சாயங்காலம் ஐந்நூற்றுத் தொண்ணூறு வந்தது. பக்கத்து லைனில் நானூறைத் தாண்டவில்லை.

அன்றிரவு சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் சொன்னாள். போகும்போது உமேஷ் கூப்பிட்டு, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டாராம். சிவகுமார் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"என்ன சொன்ன?"

"பத்தாவது, கணக்குல ஃபெயில் சார்னேன். அவரு சிரிச்சுட்டாரு. நானும் சிரிச்சுட்டேன். அப்பறம் அடுத்த அமாவாசைக்கு மூணாவது லைன்ல எத்தன பேரு போவாங்கன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?" என்றாள் பாப்பாயி.

"அதை அந்த லைனை என்கிட்டக் குடுத்தாத்தான் சொல்ல முடியும் சார்னேன்," என்றாள் தீபா, இன்னொரு களி உருண்டைக்குத் தட்டை நீட்டியபடி.

மறுமாதம் முதல் தேதி அந்த லைனைக் கொடுத்தார்கள்.