லியூ மிஸ்ஸின் படிக்கட்டில் கிடைத்த குரல்

சகோதரிகளே, நான் வாய்மொழிப் பரீட்சையில் பெயிலானவள். இரண்டாந்தரமும் பெயிலானால் கல்லூரியை விட்டே போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் நான் கேட்ட துஆவை நினைத்தால் இப்போதும் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனாலும் அல்லாஹ் எனக்குச் செய்த உதவியை மறைப்பது அதைவிடப் பெரிய வெட்கம். அதனால் எழுதுகிறேன்.

கல்முனையில் ஒரு கல்லூரியில் சீன மொழியும் சீனப் பண்பாடும் படிக்கிறேன். சேர்ந்தபோது சொந்தக்காரர் எல்லாருக்கும் சிரிப்பு. சாச்சி நேராகவே கேட்டா, இதைப் படித்து யாரோடு கதைக்கப் போகிறாய் என்று. வாப்பாவுக்குப் பசாரில் புடவைக் கடை. “கடையில இரிக்கிற சாமான்ல பாதி சீனாச் சாமான். புள்ள அந்தப் பாஷையப் படிச்சா என்ன கொறஞ்சி போற?” என்று அவர் எல்லார் வாயையும் அடைத்தார்.

எழுத்தில் நான் கெட்டிக்காரி. கதைக்கச் சொன்னால்தான் செத்துப்போவேன். வகுப்பில் பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பொடியன்கள், தம்பியின் கூட்டாளிகள். பொம்பிளைப் பிள்ளையின் சத்தம் வாசலைத் தாண்டக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அவர்கள் முன்னால் எப்படிச் சத்தமாக வாசிப்பது? குசுகுசுப்பேன். சீனத்தில் ஒரே சொல்லை ஏற்றிச் சொன்னால் ஒரு கருத்து, இறக்கிச் சொன்னால் வேறு கருத்து. குசுகுசுத்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சீனாவிலிருந்து வந்து எங்களுக்குப் படிப்பிக்கும் லியூ மிஸ் காதருகே கையை வைத்து, இன்னும் சத்தமாக, இன்னும் சத்தமாக என்பார். பின்வரிசையில் சிரிப்பார்கள். பாதியிலேயே உட்கார்ந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

இரண்டாவது பரீட்சை நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. வாப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு முந்தின நாள் மஃரிப் தொழுதுவிட்டு ஸுஜூதில் விழுந்து அழுதேன். “யா அல்லாஹ், இந்தப் பரீட்சை நடக்காமல் ஆக்கு. எப்படியென்று நான் கேட்கமாட்டேன்.” இதுதான் நான் கேட்டது.

விடிந்ததும் வகுப்புக் குழுவில் செய்தி வந்தது. பரீட்சை ஒத்திவைக்கப்பட்டுள்ளது என்பது முதல் வரி. சந்தோஷத்தில் அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டு நன்றி சொன்னேன். பிறகுதான் அடுத்த வரியை வாசித்தேன். லியூ மிஸ்ஸின் தாயார் சீனாவில் இறந்துவிட்டாராம்.

எந்த வாயால் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேனோ அந்த வாயைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன். என் துஆதான் அந்த மனுசியைக் கொன்றுவிட்டது என்று நினைத்தேன். மத்தியானம் வரைக்கும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் உம்மாவிடம் சொன்னேன். அவ கேட்டுக்கொண்டே மீன் வெட்டினா.

“உன்ட சோதினைக்காக அல்லாஹ் ஒருத்தர்ர உம்மாவ எடுப்பானா? கேட்டதெல்லாம் நடக்கப் பெரிய அவுலியாதான் நீ. மௌத்து எழுதின நேரத்துலதான் வரும். அத உடு. அந்த மிஸ் தனியத்தானே இரிக்கா? மையத்து வூட்டுல அடுப்பெரியாதே. ஆரு சோறு குடுக்கிற?”

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. என் பரீட்சை, என் துஆ, என் பாவம் என்று என்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்து இன்னொரு தரம் வெட்கப்பட்டேன். விமானம் பிடித்துப் போவதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்பதால் மிஸ் ஊருக்கும் போகவில்லை. பாண்டிருப்பில் ஒரு மேல்மாடி அறையில் தனியாகத்தான் இருந்தார்.

உம்மா உறைப்புக் குறைத்து மீன் ஆணம் காய்ச்சி, சோறும் கட்டித் தந்தா. துக்க வீட்டுக்குச் சிவப்பு உடுத்துப் போகக் கூடாது என்று மிஸ்தான் வகுப்பில் சொல்லித் தந்திருந்தார். சிவப்புப் பூப்போட்ட சால்வையை மாற்றிக்கொண்டேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, முந்தின நாள் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்தேன். நாக்கின் முடிச்சை அவிழ்க்கச் சொல்லி மூஸா நபி கேட்ட துஆவைச் சின்ன வயதிலிருந்தே ஓதி வருகிறேன். அன்றைக்குத்தான் பொருள் உணர்ந்து ஓதினேன். பாஸாக்கு என்று கேட்கவில்லை. மிஸ்ஸோடு கதைக்க எனக்கு வாயைத் தா என்று மட்டும் கேட்டேன்.

மிஸ்ஸின் அறைக்கு வெளிப்படிக்கட்டால் ஏற வேண்டும். அன்றைக்குப் பக்கத்துக் கோயிலில் திருவிழா, ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது. மிஸ் கதவைத் திறந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. மனப்பாடம் செய்துகொண்டு போன ஆறுதல் வார்த்தையைக் குசுகுசுத்தேன். அவருக்குக் கேட்கவில்லை. கையைக் காதருகே கொண்டுபோனார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எதிர்த் தேத்தண்ணிக் கடையில் எங்கள் வகுப்புப் பொடியன்கள் நின்றார்கள். ஆறுதல் வார்த்தை முழுக்க மறந்துபோனது. ஒலிபெருக்கிக்கு மேலால் கேட்கும்படி சீனத்தில் கத்தினேன்.

“மிஸ், சாப்பிட்டீங்களா?”

தெருவுக்கே கேட்டிருக்கும். மிஸ் என் உச்சரிப்பைத் திருத்தவில்லை. இல்லை, நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று பதில் சொன்னார். சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதார். டெலிபோனில் அவருடைய அம்மா முதலில் கேட்பது அதைத்தானாம். உள்ளே போய்ச் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே அம்மாவைப் பற்றிச் சொன்னார். நான் கேள்வி கேட்டேன். விளங்காத இடத்தில் திரும்பக் கேட்டேன். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொன்னபோதுதான், இவ்வளவு நேரமும் நான் சத்தமாகக் கதைத்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. சுப்ஹானல்லாஹ். கேட்டதை அவன் அப்படியே தந்திருந்தான்.

பிறகு நடந்த பரீட்சையில் பாஸானேன். பெரிய புள்ளி இல்லை. வாப்பாவுக்கு அது போதும், கடையில் எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். பொடியன்கள் இப்போதும் சிரிக்கிறார்கள்தான். நான் வாசித்து முடித்துவிட்டே உட்காருகிறேன்.

சகோதரிகளே, தப்பி ஓட வழி கேட்டு அழுதவள் நான். நீங்கள் அப்படிக் கேட்காதீர்கள். எது முடியவில்லையோ அதைச் செய்யும் சக்தியைக் கேளுங்கள். என்னைப் போன்றவளையே அவன் வெறுங்கையோடு அனுப்பவில்லை, உங்களை விடுவானா?

ஒன்று மட்டும் பாக்கி. பரீட்சை நடக்கக் கூடாது என்று நான் கேட்டதையும், அந்தச் செய்திக்கு நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னதையும் மிஸ்ஸிடம் இன்னும் சொல்லவில்லை. இத்தனை நாளும் அதற்கு எனக்குச் சீனம் போதாது என்று சாக்குச் சொன்னேன். இப்போது போதும். அவர் சீனாவுக்குத் திரும்பிப் போக முன்னம் சொல்லிவிட வேண்டும். எனக்காக துஆ செய்யுங்கள்.