காதரின் திராட்சைத் தண்ணீர்

என் நண்பன் காதரை ஊரே கேலி செய்யக் காரணம் நான்தான். மயிலாப்பூரில் ஒரே அறையில் இருந்தபோது, மலச்சிக்கலுக்காக அவன் இரவில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, காலையில் பிசைந்து குடிப்பான். அதை நாங்கள் வேலைக்குப் போகும் டிராமில் எல்லோரிடமும் சொல்லி, 'கிஸ்மிஸ்' என்று பட்டப்பெயரும் வைத்தேன். அதோடு என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டான்.

பல வருஷம் கழித்து இன்று தஞ்சாவூரிலிருந்து வந்து, அதே மயிலாப்பூரின் லஸ்ஸில் அவனுடைய பழக்கடை முன் நிற்கிறேன். தாடி நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்தும் பேசாமல் தராசைத் துடைக்கிறான். பழம் வாங்க வந்தவர்கள் காதிலும் விழும்படி சொல்கிறேன்:

"காதர், எனக்கும் இப்ப மலச்சிக்கல்ப்பா. உன் திராட்சைத் தண்ணிதான் வேணும்."

துடைத்துக்கொண்டிருந்த கை நிற்கிறது.

"எத்தினி நாளா கீது?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிக்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒரு பிடி திராட்சையைக் காகிதத்தில் மடித்துவிட்டு, முக்காலியை என் பக்கம் தள்ளுகிறான்.

"குந்து, கிஸ்மிஸ்."