பதினேழு பிள்ளைகளின் ஞானத்தாய்

தலவாக்கலையிலிருந்து ஆறு மைல் மேலே ஏறினால் வரும் அந்தத் தோட்டத்தின் மேமலைப் பிரிவில் வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்கள் மொத்தமே பதினொன்று. மற்றவர்கள் எல்லாம் மாரியம்மனுக்குத் தேர் இழுக்கிறவர்கள். அந்தப் பதினொரு குடும்பத்திலும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒரே பெண் மதலேன். அது போதாதா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசை வைக்க வரும் சாமியார் ஒருநாள் அவள் கையில் ஞானோபதேசப் புத்தகத்தைக் கொடுத்தார். "ஞாயிற்றுக்கிழமையில பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடும்மா" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவளுக்கு முடியுமா என்று அவரும் கேட்கவில்லை, முடியாது என்று அவளும் சொல்லவில்லை.

ஆறு நாள் கொழுந்து எடுப்பாள். ஏழாம் நாள், கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில், தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாடம் நடத்துவாள். தேயிலைக் கறை ஏறிய விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசிப்பாள். சத்தம் போட்டால் அதட்டுவாள். அடித்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அவளுக்கு இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்ந்தது. சாமியார் வரும் நாளில்தான் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்க ஒருத்தி வேண்டும், மந்திரங்களுக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும். வெளித் தோட்டத்திலிருந்து உறவுக்காரி வருவதென்றால் லீவு கிடைக்காது. எனவே அரிசி புடைக்கச் சுளகு இரவல் கேட்பது போல எல்லாரும் மதலேனிடம் வந்தார்கள். "நீங்களே நின்னுடுங்கக்கா." நின்றாள். "பசாசை விட்டுவிடுகிறாயா?" என்று சாமியார் குழந்தையைப் பார்த்துக் கேட்பார். குழந்தை கொட்டாவி விடும். "விட்டுவிடுகிறேன்" என்று மதலேன் சொல்வாள். இப்படியே பன்னிரண்டு வருசத்தில் பதினேழு பிள்ளைகளுக்கு ஞானத்தாயாகிவிட்டாள். பதினேழும் அவளை 'ஞானம்மா' என்றுதான் கூப்பிடும். அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று நாம் ஏன் மறைக்க வேண்டும்?

புத்தகத்தில் ஞானத்தாயின் கடமை என்ன என்று ஒரு கேள்வி உண்டு. நாலு வரிப் பதில், வாயில் நுழையாத சொற்கள். பிள்ளைகள் ஒவ்வொரு வருசமும் அந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். மதலேன் ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"இங்க பாருங்க. பெத்தவ இல்லாதப்ப பெத்தவளா நிக்கிறேன்னு சாமி முன்னால வாக்குக் குடுத்தவதான் ஞானத்தாய். மனுசங்ககிட்ட குடுத்த வாக்கு மறந்துபோகும். சாமி முன்னால குடுத்தது அழியாது. ஞானஸ்நானம், புதுநன்மை, கலியாணம் எல்லாமே அப்படித்தான். விளங்குச்சா?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது. புத்தகத்தில் இருந்தபடியே விட்டிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். பிள்ளைகள் அந்தப் பதிலைப் பாட்டாகவே பாடின. எல்லாரையும்விட உரக்கப் பாடியது சந்தியாகுவின் மகள் பிலோமினா. நாற்பத்தெட்டில் பிறந்தவள், மதலேன் கையில் ஏந்திய ஒன்பதாவது பிள்ளை. ஞானஸ்நானத்தின்போது தலையில் தண்ணீர் விழுந்ததும் மதலேனின் சேலைத் தலைப்பைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றவள்.

பிலோமியின் அம்மா தெரேசம்மாள் ஐம்பத்தாறில் பிரசவத்தில் போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை. அடுத்த வருசமே சந்தியாகு, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவோடு வாய்ச்சண்டை போட்டு, தோட்டத்திலிருந்து வேலை நீக்கப் பற்றுச்சீட்டு வாங்கினான். வேலை போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். வேறு வழியில்லாமல் இந்தியாவுக்கே போய்விடுவதாக எழுதிக் கொடுத்தான். லால்குடிப் பக்கம் அவனுடைய அண்ணன் இருந்தார். அண்ணன் போட்ட காகிதத்தில், "நீ வா. பொம்பளைப் புள்ளையைக் கூட்டிவந்தால் உன் அண்ணி ஒத்துக்கொள்ள மாட்டாள்" என்று இருந்தது.

சந்தியாகு அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மதலேன் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"அக்கா, நீங்கதான் அவளுக்கு ஞானத்தாய். இங்கயே வச்சுக்கங்க. அங்க அவளைப் புள்ளையா வச்சுக்க மாட்டாங்க, வேலைக்காரியாத்தான் வச்சுக்குவாங்க. பாஸ்போட்டுல அவ பேரும் இருக்கு. ஆனா சொகமில்லைன்னு சொல்லி விட்டுட்டுப் போயிட்டா யாரு தேடப்போறா?"

"எங்க வீட்டுக்காரரு தேயிலை ஸ்டோர் வேலை முடிஞ்சு வரட்டும் தம்பி, கேட்டுச் சொல்றேன்" என்றாள் மதலேன்.

அவள் கேட்டுச் சொல்லும்வரை பிலோமி காத்திருக்கவில்லை. அவள் படித்த பாடத்தில் கேட்டுச் சொல்வதென்று ஒன்றும் இல்லையே. அன்று சாயங்காலமே தன் தட்டு, கம்பளி, இரண்டு சட்டைகளோடு வந்துவிட்டாள். மதலேனின் மூன்று பிள்ளைகள் படுக்கும் மூலைக்குப் பக்கத்தில் ஒரு முழ இடத்தைக் கூட்டிப் பெருக்கினாள். கம்பளியை மடித்து அங்கே வைத்தாள். "ஞானம்மா, விறகு எங்க கிடக்கு?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அவளைப் பொறுத்தவரை விசயம் முடிந்துவிட்டது.

மதலேனின் புருசன் ராயப்பன் கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், கையோங்க மாட்டான். ஆனால் பயந்தவன். நாற்பத்தெட்டில் சுதந்திரம் வந்த கையோடு வந்த சட்டம், தோட்டத்து ஆட்களை எந்த நாட்டுக்காரருமில்லை என்று ஆக்கிவிட்டிருந்தது. ஐம்பத்தொன்றில் அவன் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தான். ஆறு வருசம் கழித்து இப்போதுதான் விசாரணைக்கு ஆள் வரப்போவதாகக் காகிதம் வந்திருந்தது. அதை அவன் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தான். தினமும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பான், வாசிக்கத் தெரியாது என்றாலும்.

"இது யாரு புள்ளைன்னு கேட்டா என்னா சொல்றது மதலேன்? இந்தியாக்காரன் பாஸ்போட்டுல பேர் இருக்கிற புள்ளையை ஒளிச்சு வச்சிருக்கான்னு எழுதிட்டா? நம்ம மூணு புள்ளைக கதி என்னா?"

"சாமி முன்னால வாக்குக் குடுத்திருக்கேங்க."

"பதினேழு பேருக்குக் குடுத்திருக்க. நாளைக்குப் பதினேழும் கம்பளியைத் தூக்கிக்கிட்டு வந்தா?"

அவன் சொன்னதில் நியாயமும் இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நாலு நாள் யோசித்தாள். நாலு நாளும் பிலோமி விறகு பொறுக்கினாள், மலை ஊற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் எடுத்துவந்தாள், சின்னவனுக்குத் தலை வாரிவிட்டாள். ராத்திரிச் செபத்தில் எல்லாருக்கும் முன்னால் முழங்காலில் நின்றாள்.

ஐந்தாம் நாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் மதலேன் அவளைப் பீலிக்கரைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். சுற்றி வளைத்துத்தான் சொன்னாள். விசாரணை, காகிதம், இடநெருக்கடி. பிலோமி எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் மதலேனின் மனசு மாறியிருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

"அப்ப, சாமி கோவிச்சுக்க மாட்டாரா ஞானம்மா?"

"நான் சாமிகிட்டச் சொல்லிக்கிறேன்மா."

"சரி" என்றாள் பிலோமி. போய்த் தட்டையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டாள். போகுமுன் தான் படுத்த இடத்தை மறுபடியும் கூட்டிவிட்டுப் போனாள்.

தலவாக்கலை ஸ்டேசனில் கோச்சி வருமுன்பே ஒப்பாரி தொடங்கிவிட்டது. யாராவது இந்தியாவுக்குப் போகிற நாளில் அங்கே அது வழக்கம். போகிறவர்கள் ஜன்னலில், நிற்கிறவர்கள் கீழே, ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்து இழவு வீடு மாதிரி அழுவார்கள். சந்தியாகுவும் வாய்விட்டு அழுதான். மதலேன் ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் பிலோமியின் தலையைத் தடவினாள். அந்த இரைச்சலில் பிலோமி குனிந்து அவளிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"ஞானம்மா, சாமிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்மா."

பொய். அந்த ஒரு வாரமாக அவளுக்குச் செபமே வாயில் வரவில்லை. மாதா படத்தைப் பார்த்தால் அதற்குப் பின்னால் செருகியிருந்த காகிதம்தான் கண்ணில் பட்டது.

"என்னா சொன்னாரு?"

கோச்சி நகர்ந்துவிட்டது.

அதற்கு இரண்டு ஞாயிறு கழித்துப் பாடம் அந்த இடத்துக்கு வந்தது. மதலேன் அதைத் தாண்டிப் போயிருக்கலாம். பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஞானத்தாய்னா யாரு?"

பதினான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் பதில் தெரியும், பாட்டாகவே தெரியும். ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. சிலது தரையைப் பார்த்தன, சிலது அவளையே பார்த்தன. முன்னால் இருந்த ஒரு சின்னப் பெண் மட்டும் சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் இருந்த அவளுடைய அக்கா அவள் தொடையில் கிள்ளினாள். பிள்ளைகள் அவளைத் தண்டிக்க நினைத்துச் செய்ததில்லை அது. அவளுக்கு வலிக்குமே என்றுதான் பேசாமல் இருந்தன. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

மதலேன் புத்தகத்தை விரித்தாள். அந்த நாலு வரியையும், வாயில் நுழையாத சொற்களோடு, அப்படியே வாசித்தாள். "இதை மனப்பாடம் பண்ணிட்டு வாங்க" என்றாள். அன்றிலிருந்து அந்தக் கேள்விக்குப் புத்தகப் பதில்தான்.

விசாரணைக்கு வந்தவர் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டார். லயத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நாற்பத்தொன்றாம் வருசத்தில் எட்டு மாதம் நீ எங்கே இருந்தாய், அத்தாட்சி எங்கே? ராயப்பன் வேறு தோட்டத்தில் பேர் பதியாமல் கைக்காசு வேலை செய்த காலம் அது. அத்தாட்சி எப்படி இருக்கும்? அடுத்த வருசம் மனு தள்ளுபடி என்று காகிதம் வந்தது. மதலேன் அதை வாசித்துச் சொன்னாள். ராயப்பன் முகத்தை மூடிக்கொண்டு, "அந்தப் புள்ளையை வச்சிருந்திருக்கலாமே மதலேன்" என்று விம்மினான். அவள் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன சொல்ல? பீலிக்கரையில் அதைச் சொன்ன வாய் அவளுடையது.

லால்குடியிலிருந்து சேர்ந்துவிட்டோம் என்று ஒரே ஒரு காகிதம் வந்தது. மதலேன் போட்ட பதில்களில் முதல் இரண்டும் என்ன ஆயின என்று தெரியாது. மூன்றாவது, அந்த விலாசத்தில் அப்படி யாருமில்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது.

அடுத்த ஞானஸ்நானத்துக்குச் சாமியார் வந்தபோது பிள்ளையின் தாய் வழக்கம்போல மதலேனைப் பார்த்தாள். மதலேன் தலையை ஆட்டிவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். வாசிக்கத் தெரியாத ஒருத்தி தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னாள். பதினெட்டாவது பிள்ளை என்று மதலேனுக்கு இல்லாமலே போயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தை மட்டும் அவள் விடவில்லை.

அறுபத்துநாலில் இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டன. ஆட்களை இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டார்கள். இனி இங்கே கிடைக்காது என்று ராயப்பன் முடிவு கட்டினான். அறுபத்தைந்தில் இந்தியப் பாஸ்போட்டுக்கு எழுத இருவரும் அட்டனுக்குப் போனார்கள். படிவம் எழுதிக்கொடுக்கிற கிளார்க் மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பேர், ஊர், தகப்பன் பேர் எல்லாம் எழுதியாயிற்று.

"இந்தியாவுல சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க" என்றான் ராயப்பன்.

"ஒரு மக இருக்கா" என்றாள் மதலேன்.

கிளார்க் பேனாவை நிறுத்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ராயப்பன் மறுக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான்.

"பேரு?"

"பிலோமினா."

"வயசு?"

"பதினேழுங்க."

"எங்க இருக்கா?"

"தெரியாதுங்க."

"விலாசம் இல்லாம எழுத முடியாதும்மா" என்றார் கிளார்க். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.