பாலில் போன நீலக்கோடு

சாமிகளா, திரவம் ஓடுவதில் வரிச்சீர் ஓட்டம் ஒன்று, சுழற்சி ஓட்டம் ஒன்று என்று நேற்றுப் பெரியவள் பிளஸ் ஒன் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படித்தாள் அல்லவா? அதிலிருந்து எனக்கு உங்கள் சின்னத்தாத்தா ஞாபகமாகவே இருக்கிறது. பத்தாவதோடு நின்ற எனக்கு அந்தப் பெயர்கள் புதிது. ஆனால் இரண்டையும் ஒரே காலையில் பார்த்திருக்கிறேன்.

அப்போது ராசிபுரம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன சேகோ பேக்டரி இருந்தது. குச்சிக்கிழங்கை, அதுதான் மரவள்ளியை, அரைத்து, அந்தப் பாலை நீளமான சிமெண்டு வாய்க்காலில் விடுவார்கள். போகப் போக மாவு அடியில் தங்கும். அந்த மாவுதான் பிறகு ஜவ்வரிசி. எங்கள் மாவு மட்டும் பாதி தங்காமல் கழிவுத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. அப்பா கிழங்கைக் குறை சொல்வார். அவர் தம்பி, என் சித்தப்பா, அதுதான் உங்கள் சின்னத்தாத்தா, வாய்க்காலைக் குறை சொல்வார்.

சித்தப்பாவுக்குப் பாலிடெக்னிக்கில் சேர ஆசை. அப்பா தலையசைத்தால் போதும். அவரோ பேக்டரிக்கு ஆள் வேண்டும் என்றார். மாவு ஏன் தங்கவில்லை என்று கண்ணால் காட்டிவிட்டால் அண்ணன் மனம் இளகும் என்று சித்தப்பா நம்பினார் போலிருக்கிறது. அம்மா வேட்டிக்குப் போடும் சொட்டு நீலப் பாட்டிலோடு அப்பாவை வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார். வேடிக்கை பார்க்க நானும் ஓடினேன்.

வாய்க்கால் தலைப்பில் பாலை அடைத்து நிற்கும் மடைப் பலகையை விரற்கடை அளவு தூக்கி, நீலத்தை மெல்லச் சாய்த்தார். வெள்ளைப் பாலின் மேல் ஒரு நீலக்கோடு, கோலத்துக்கு இழுத்ததுபோல, கலையாமல் நேராகப் போனது.

“பாத்தீங்களாண்ணா? ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம வரிசையாப் போகுதுங்க. இப்படிப் போனாத்தான் மாவு தங்கும்.”

“ஏன்டா, சாமி ஊர்கோலமாட்ட போகுது! தீவாளி மாவு பொங்கலுக்குத்தான் வரும். நகுருடா!”

அப்பா பலகையை ஒரே இழுப்பில் மேலே தூக்கினார். கோடு நெளிந்தது, சுழன்றது, அறுந்து பாலெங்கும் சிதறியது.

“அதேதானுங்கண்ணா! அதைத்தானுங்க நான் சொல்றேன்!”

சித்தப்பா துள்ளிய துள்ளலில் பாட்டில் கைநழுவி உள்ளே விழுந்தது. அன்று அரைத்த பால் முழுக்க ஆகாய நிறம். நீலப் பாயசம் கிடைக்கும் என்று நான் கைகொட்டிச் சிரித்தேன்.

“மெத்தப் படிக்கப் போற தொரை, மொதல்ல இதை எறச்சுக் கொட்டு,” என்றார் அப்பா.

சித்தப்பா வாளி வாளியாக இறைத்துக் கொட்டினார். மழைக்காலம் முடிந்ததும் போர்வெல் போடும் ரிக் லாரியில் வேலைக்கு வடக்கே போனவர், கல்யாணம் காட்சிக்கு மட்டும் வந்து போனார். படிப்புப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, அப்பாவும் எடுக்கவில்லை.

ஆனால் அவர் போன பிறகு அப்பா மடைப் பலகையை விரற்கடைக்கு மேல் தூக்கியதே இல்லை. மாவு நன்றாகத் தங்கியது. அப்பாவுக்கு வயதாகி நிதானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தம்பி சொன்னது சரி என்று அவர் ஒத்துக்கொண்ட விதம் அது என்பதோ, அதைக் கேட்க வேண்டியவர் எங்கோ வடக்கே புழுதியில் நின்றார் என்பதோ அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது இருவருமே இல்லை.

இன்று காலை நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு பின்கட்டுக் குழாயைக் கொஞ்சமாகத் திருகினேன். தண்ணீர் கண்ணாடிக் கம்பிபோல இறங்கியது. அதில் ஒரு சொட்டு நீலம் விட்டேன். நேராகப் போனது. குழாயை இன்னும் திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும். திறக்கவில்லை, மூடிவிட்டேன்.