போஞ்சிக்கொடியில் தொங்கிய சீடி

எங்கள் வீட்டில் ஒரு பகிடி இருக்கிறது. ஆட்கள் வந்தால் மகள் அதைச் சொல்லாமல் விடமாட்டாள். ஜப்பானில் இருந்து அவள் ஆசையாக வரவழைத்த ரொக் இசைக்குழுவின் அல்ப சீடியை, புறா கலைப்பதற்காக நான் தோட்டத்தில் கட்டித் தொங்கவிட்ட கதை. முழுவதையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "பாவம் அப்பா, அவருக்குத் தெரியாது" என்பதை மட்டும் தமிழில் சொல்லுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எனக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டினேன்.

ஜெர்மனியில் இருந்து நாங்கள் லண்டனுக்கு வந்ததே இந்தப் பிள்ளை தமிழ் படிக்கவேண்டும் என்றுதான். அங்கே நாங்கள் இருந்த இடத்தில் எங்களையும் சேர்த்து மூன்றே மூன்று தமிழ்க் குடும்பங்கள். நல்ல வேலை, விசாலமான வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனோர் பார்க்கில் ஒரு ஒடுங்கிய வீட்டில் வந்து குந்தினோம். ஊராரின் குளியலறைகளுக்கெல்லாம் டைல்ஸ் பதித்தேன். ஆனால் யார் கூப்பிட்டாலும் சனிக்கிழமை வேலைக்குப் போகமாட்டேன். அது தமிழ்ப் பள்ளிக்கூட நாள். ஒன்பது வருடம், அவள் வெளியே வரும்வரை வாசலில் என் வேலை வாகனமான வானுக்குள் காத்திருந்தேன். ஓம், வாறன், ஏலாது என்ற அளவுக்குப் படித்தாள். பதினாறு வயதில் அந்த 'ஏலாது' என்ற சொல்லையே சொல்லித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள்.

அந்த வருடம்தான் ஜப்பான்காரர்கள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். நாலு பொடியன்கள், கிட்டாரும் டிரம்ஸும். அவர்களுடைய ஒரேயொரு அல்பத்தின் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே வருடத்தில் அந்த மொழியை எழுதவும் வாசிக்கவும் பழகிவிட்டாள். மாஸ்டர் இல்லை, சோதனை இல்லை, வாசலில் காத்திருக்க ஒரு அப்பனும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாப் பாட்டும் போனிலேயே இருக்கும்போது சீடி எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். பெட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். அதன் முதுகைச் சுற்றி ஒரு கடதாசிப் பட்டி இருந்தது. கிழியாமல் அதை எப்படி உருவுவது, திரும்ப எப்படி மாட்டுவது என்று செய்துகாட்டினாள். என் கையில் தந்து என்னையும் ஒருதரம் செய்யவைத்தாள். அன்று அவளுக்கு நல்ல சந்தோஷம்.

அதே கிழமை ரொம்ஃபோர்ட் ரோட்டில் வாகன நெரிசலுக்குள் நின்றபோது இயர்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தாள். "கடைசிப் பாட்டு. கேளுங்கோ அப்பா." வாத்தியங்கள் எல்லாம் அடங்க, ஒருவன் மட்டும் மெதுவாக இழுத்து இழுத்துப் பாடினான். அரை நிமிடம் கேட்டிருப்பேன். "நாய் ஊளையிடுற மாதிரிக் கிடக்கு" என்றேன். அவள் இயர்போனைக் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்தம்ஸ்டோவில் இருந்து எங்கள் உறவுக்காரர் ஒருவர் வந்தார். மகளிடம் தமிழில் ஏதோ கேட்டார். அவள் இரண்டு சொல்லுக்குள் தடுக்கி விழுந்தாள். சூழலைச் சரிப்படுத்த நினைத்த மனைவி, ஜப்பான் பாட்டு ஒன்று பாடிக்காட்டச் சொன்னாள். ஒரு பிசகில்லாமல் பாடினாள். உறவுக்காரர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணை, நீங்கள் ஜெர்மனியை விட்டிட்டு இஞ்ச வந்ததுக்கு டோக்கியோவுக்குப் போயிருக்கலாம்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் அவள் கொலிஜுக்குப் போனபிறகு அவளுடைய அறைக்குள் போனேன். பட்டியை உருவினேன். சீடியை எடுத்தேன். பட்டியைத் திரும்ப மாட்டிப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தேன். பின் தோட்டத்தில் புறாக்கள் மினுக்கத்துக்குப் பயந்து போஞ்சி நாற்றைக் கொத்தாமல் இருக்கப் பழைய சினிமாப் பாட்டு சீடிகளை நூலில் கட்டியிருந்தேன். அவற்றின் நடுவில் இதையும் கட்டினேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை இப்போது எழுதத்தான் கை கூசுகிறது.

பின்னேரம் வந்தவள் குசினியில் தேத்தண்ணி போடும்போது யன்னலால் கண்டுவிட்டாள். காற்றுக்குச் சுற்றிச் சுற்றி மின்னிக்கொண்டிருந்தது. "தெரியாமல் கட்டிப்போட்டன் பிள்ளை, எல்லாம் ஒரே மாதிரிக் கிடந்தது" என்றேன். மகள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பரவாயில்லை அப்பா" என்றாள். அதைக் கழற்றவில்லை. கழற்ற எனக்கும் மனம் வரவில்லை. இரண்டு கோடை தொங்கி, வெள்ளித்தோல் உரிந்து, கண்ணாடிபோல வெளிறிப்போனது. பிறகு அவள் என் காதில் எதையும் வைக்கவில்லை. கேட்டதற்குப் பதில் வரும், மரியாதையாக. அந்தப் பகிடி மட்டும் ஆட்கள் வரும்போதெல்லாம் வந்தது.

போன மாதம் அவளுக்கு ஜப்பானிலேயே வேலை கிடைத்தது. சூட்கேஸ் அடுக்கும்போது பக்கத்தில் இருந்தேன். கம்பளிச் சட்டை ஒன்றுக்குள் அந்தப் பெட்டியைச் சுற்றி வைத்தாள். கடதாசிப் பட்டி அப்படியே இருந்தது, ஒரு மடிப்புக்கூட இல்லை.

"வெறும் பெட்டி எதுக்குப் பிள்ளை?"

அவள் நிமிரவில்லை. "தெரியாமல் எடுத்த ஆள் இந்தப் பட்டியை இவ்வளவு கவனமாத் திருப்பி மாட்டியிருக்க மாட்டார் அப்பா."

"பிறகேன் எல்லாருக்கும் பாவம் அப்பா எண்டு சொன்னனீ?"

"ஒவ்வொருமுறையும் நீங்கள் உண்மையைச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

தடுமாறாமல், ஒரு ஆங்கிலச் சொல்கூடக் கலக்காமல் சொன்னாள். ஒன்பது வருடச் சனிக்கிழமைகள் வானுக்குள் இருந்து நான் காத்திருந்த தமிழ் அதுதான்.