திரையில் ஓடி வந்த சிறுமி

கேளம்பாக்கத்தில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுத்தந்தவர் ஒல்லியான மனிதர். முதல் வாரம் டிவி முன்னால் ஸ்டீயரிங் வைத்து வீடியோ கேம் மட்டும்தான். நான் உட்காரும் நாற்காலிக்கும் சீட் பெல்ட் கட்டி, தினமும் இழுத்துப் பார்ப்பார்.

ஒருநாள், திரையில் நின்றிருந்த பேருந்துக்கு முன்னாலிருந்து ஒரு சிறுமி ஓடி வந்தாள். இடித்துவிட்டேன். சிரித்தேன்.

"இன்னாத்துக்கும்மா சிரிக்கிற?"

"கேம்தானே சார்."

டிவியை அணைத்தார். "இன்னிக்குப் போதும். வூட்டுக்குப் போ."

மறுவாரம் நிஜச் சாலை. நின்ற பேருந்தைக் கடக்கும்போது என் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. பேருந்தின் மறைவிலிருந்து ஒரு பெண், குழந்தையோடு எங்களைப் பார்க்காமலே கடந்து போனாள்.

அவர் பாராட்டவில்லை. "போலாம்மா" என்றபோது குரல் நடுங்கியது. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.