வருடம் எழுதாத கோணம்

மணி அடிக்கும்வரை வலது கை கைப்பிடியைச் சுற்றுகிறது. அடித்ததும் ஒரு சுற்று பின்னால். இடது கை கணக்கு மெஷினின் மேல்தட்டை ஒரு இலக்கம் தள்ளுகிறது. மறுபடி சுற்று, மறுபடி மணி. விடை வந்ததும் விரல்கள் பென்சிலை எடுக்கின்றன.

லொரெட்டா நீஹாஸ் பள்ளிப்படிப்போடு ஒஹாயோவில் எங்கள் வானாய்வகத்துக்கு வந்து, இருபத்து மூன்று வருடமாக எங்களோடு சிறுகோள்களின் பாதையைக் கணக்கிடுகிறவர். ஒவ்வொன்றுக்கும் ஆறு எண்கள். பாதையின் அளவுக்கும் வடிவத்துக்கும் இரண்டு. அது எப்படிச் சாய்ந்து, எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்பதற்கு மூன்று. குறித்த நாளில் கோள் அதில் எங்கே என்பதற்கு ஒன்று. ஆறும் சரியென்றால் தேடுகிறவருக்கு இடம் சொல்லிவிடலாம்.

அவர் முதன்முதலில் கணக்கிட்ட சிறுகோளைப் போர்க்காலத்தில் யாரும் பார்க்கவில்லை. 1951இல் அவர் சொன்ன இடத்தில் இரண்டு முறை தேடியும் அகப்படவில்லை. தலைவர் கெஸ்லர் அதைத் தொலைந்தவை பட்டியலில் சேர்க்கவிருந்தார். சேர்த்துவிட்டால் அப்புறம் யாரும் தேட மாட்டார்கள்.

தொலைநோக்கியில் வானைப் படமெடுத்துத் தேடும் ஹாலம் இன்டியானாவிலிருந்து நேரிலேயே வந்துவிட்டார்.

"உங்க கல்லு வானத்துல இல்ல மிஸ் நீஹாஸ். உங்க காகிதத்துலதான் இருக்கு."

"சாயங்காலம் வரைக்கும் இருங்க மிஸ்டர் ஹாலம். ஒரு காப்பி குடிங்க."

"உங்க ஆபீஸ் காப்பியா? அதுக்கு அந்தக் கல்லையே தேடலாம்."

பழைய பேரேட்டையும் இப்போதைய அட்டையையும் லொரெட்டா பக்கத்தில் வைத்தார். பூமி சுற்றும் தளத்தைக் கோள் கீழிருந்து மேலே கடக்கும் இடம் ஏறுகணு. அதன் கோணத்தை வானில் ஒரு புள்ளியிலிருந்து அளக்கிறோம். அந்தப் புள்ளியோ வருடந்தோறும் கொஞ்சம் நழுவும். ஆகவே எந்த வருடத்துப் புள்ளி என்று அட்டையின் மூலையில் எழுத வேண்டும். 1925ஆம் வருடப் புள்ளியிலிருந்து அளந்த கோணங்களையெல்லாம் 1950க்கு மாற்றியது நான்.

"ஃபே, இருபத்தொரு கலைதான் கூடணும். நாப்பத்திரண்டு கூடியிருக்கு."

"ரெண்டு தடவ மாத்திட்டேனா?"

"நீ ஒரு தடவதான். அதுக்கு முன்னாடியே நான் மாத்தி வச்சுட்டேன். மூலையில வருஷம் எழுதல."

பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை; அதிகப்படியான அந்த இருபத்தொரு கலை, கோள் பூமிக்கு அருகே வரும்போது அரைப் பாகைக்கும் மேல் விலகலாகத் தெரியும். ஹாலமின் படத்தில் அடங்காது.

"கெஸ்லர்கிட்ட என் பேரச் சொல்லிடு. எனக்குத் திட்டு பழகிப்போச்சு" என்றேன்.

"எழுதாதது நான், திட்டு உனக்கா? போடி."

வருடம் இல்லாத கோணம் ஊர் பேர் இல்லாத கடிதம் என்று புதிதாக வருகிறவர்களைக் கடிந்துகொள்வதே லொரெட்டாதான். அவர் சொன்னதைக் கெஸ்லர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மொட்டைக் கடுதாசி போட்டது நீங்களா?"

"நானேதான் சார். இன்னும் ஒரு தடவ தேடச் சொல்லுங்க."

"ஒண்ணே ஒண்ணு. அப்புறம் பேனாவ எடுத்துத் தொலைஞ்ச பட்டியல்ல சேர்த்துடுவேன்."

நாள் முழுக்க மெஷின் மணி ஓயவில்லை. அவர் எண்களை வாசிக்க, நான் மறுபடி போட்டுச் சரிபார்த்தேன். நாலரைக்கு ஹாலம் தொப்பியோடு வாசலில் நின்றார். கோள் தென்பட வேண்டிய பத்துத் தேதிகளும் பத்து இடங்களும் எழுதிய தாளை லொரெட்டா அவர் கையில் கொடுத்தார்.